ஒரே ஒரு தோட்டா போதுமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

(பதில் சொல்பவர் கோயம்புத்தூர்க்காரர். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் மெஷினிஸ்டாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன இதழில் மான் வேட்டை சீசனைப் பற்றி எழுதியபோது, "என் ரைபிளில் ஒரு தோட்டாதான் போட முடியும்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தார். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.)

ஐந்து தோட்டா போடும் ரைபிள் கடையில் கிடைக்கும்போது, ஒன்று மட்டும் போடுவதை ஏன் வாங்கினீர்கள்? விலை குறைவா?
– ஒரு வாசகி, ஈரோடு

இதே கேள்வியை என் மனைவி கடைக்காரர் முன்னாலேயே கேட்டார். விலை குறைவு என்றால் அவரும் சமாதானமாகியிருப்பார். என்னிடம் இருப்பது ரூகர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியின் நம்பர் 1 ரைபிள். கைப்பிடியைப் பின்னால் இழுத்து முன்னால் தள்ளித் தோட்டா ஏற்றும் சாதாரண போல்ட் ரைபிள் ஒன்றை வாங்கி, மேலே ஒரு சுமாரான தொலைநோக்கியும் மாட்டினால்கூட இதன் விலைக்கு வராது. விலை குறைந்த ஒற்றைத் தோட்டா ரைபிள்களும் உண்டு. வாழைத்தண்டை ஒடிப்பதுபோல நடுவில் மடித்துத் திறக்கும் வகை. பண்ணை வீடுகளில் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருப்பார்கள்.

நான் வாங்கியதற்குக் காரணம் அந்த இயந்திர அமைப்புதான். ட்ரிக்கரைச் சுற்றியுள்ள வளையத்தை ஒட்டி ஒரு லீவர் வளைந்து கிடக்கும். அதைக் கீழே தள்ளினால், பேரலின், அதாவது குழலின், பின்வாயை அடைத்துக்கொண்டிருக்கும் எஃகுக் கட்டி நேராகக் கீழே இறங்கும். வாய் திறந்துவிடும். தோட்டாவைப் பள்ளத்தில் வைத்துக் கட்டைவிரலால் தள்ளினால் உள்ளே வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். லீவரை மேலே இழுத்தால் கட்டி ஏறி அடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான். வெடிக்கும்போது பின்னால் வரும் அழுத்தம் முழுவதையும் அந்தக் கட்டி தன் முதுகில் வாங்கி, இரண்டு பக்கச் சுவர்களுக்குக் கொடுத்துவிடுகிறது. மேலும் கீழுமாக ஒரு பள்ளத்துக்குள் ஓடும் ஒரு கட்டி: மில்லிங் மெஷினோடு காலம் தள்ளியவனுக்கு இதைவிடத் திருப்தியான ஒரு வடிவம் கிடையாது. இடைவெளி ஒரு நூல் கூடினாலும் கை சொல்லிவிடும்.

இது புதுச் சரக்கும் அல்ல. ஜான் ஃபார்கர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1872இல் இப்படி ஒரு அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் ஊரில் அப்பாவின் பட்டறையில் வளர்ந்த ஜான் பிரௌனிங் 1879இல் தன்னுடையதற்கு வாங்கினார். அப்போது அவருக்கு வயது 24. வின்செஸ்டர் என்ற துப்பாக்கிக் கம்பெனியின் பெரிய மனிதர் ஒருவர் ரயிலேறி அந்தச் சின்ன ஊருக்கு வந்து, 8,000 டாலர் கொடுத்து உரிமையை வாங்கிப் போனார். அதுதான் 1885 மாடல். பின்னால் உலகமே தூக்கித் திரிந்த பல துப்பாக்கிகளை வடிவமைத்த மனிதரின் முதல் விற்பனை, ஒரு தோட்டா மட்டும் போடும் ரைபிள். அப்புறம் போல்ட் ரைபிள்கள் வந்து எல்லாரும் இவற்றை மறந்துவிட்டார்கள். 1967இல் பில் ரூகர் நம்பர் 1 ரைபிளைக் கொண்டுவந்தபோது, இதை யார் வாங்குவார்கள் என்று கேட்டவர்கள் அதிகம். வாங்கினார்கள்.

அழகு போகட்டும், உபயோகம் என்ன என்று கேட்பீர்கள். நீளத்தில் லாபம். போல்ட் ரைபிளில் தோட்டாவின் முழு நீளத்துக்கும் போல்ட் பின்னால் போய் வர வேண்டும். அதற்கு இடம் வேண்டும். இதில் அந்த இடமே தேவையில்லை. சுமார் 4 அங்குலம் மிச்சம். 26 அங்குலப் பேரல் வைத்த என் ரைபிளும், பக்கத்து வீட்டுக்காரரின் 22 அங்குலப் பேரல் போல்ட் ரைபிளும் சுவரில் சாய்த்து வைத்தால் ஏறக்குறைய ஒரே உயரம். பேரல் நீளமானால் குண்டுக்கு வேகம் கொஞ்சம் கூடும். புதருக்குள் நுழையும்போது மொத்த நீளம் குறைந்தால் கிளையில் மாட்டாது. இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கும் ரைபிள் இதுதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். இதன் மரம் இரண்டு துண்டு. முன்பக்கத் துண்டை ஒரு திருகுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது, அது பேரலை அழுத்திக்கொண்டும் இருக்கிறது. மழைக்கு மரம் ஊறினாலோ, திருகைக் கூடக் குறைய முடுக்கினாலோ குண்டு போய் விழும் இடம் மாறும். ஒரே மாதிரி சுட வைப்பதற்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அந்த வேலை எனக்குப் பிடிக்கிறது என்பது வேறு விஷயம். பிடிக்காதவர்கள் பேசாமல் போல்ட் ரைபிள் வாங்குங்கள். பாதி விலையில் அதைவிடத் துல்லியமாகச் சுடும்.

ஒரே தோட்டா என்றால் வேட்டைக்காரனுக்கு நிதானம் வரும், மிருகத்துக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கும் என்கிறார்களே. அதுதானே உண்மையான காரணம்?
– ஒரு வாசகர், மதுரை

அப்படிச் சொல்லிக்கொள்வதில் எங்கள் கூட்டத்துக்கு ஒரு சுகம். "எனக்கு ஒன்று போதும்" என்று சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரும். எனக்கும்தான். ஆனால் சரித்திரம் இதற்கு ஒத்துவரவில்லை.

அமெரிக்கச் சமவெளியில் காட்டெருமைகள் கோடிக்கணக்கில் மேய்ந்தன. 1880களின் முடிவில் ஆயிரத்துக்கும் குறைவாகவே மிஞ்சின. தோல் வியாபாரத்துக்காக அவற்றைச் சுட்டுத் தள்ளியவர்கள் கையில் இருந்தது எது? ஷார்ப்ஸ் ரைபிள், ரெமிங்டன் ரோலிங் பிளாக். இரண்டுமே ஒரு தோட்டா போடுபவை. மந்தைக்கு எட்ட, காற்று எதிரே வரும் பக்கமாகப் படுத்துக்கொள்வார்கள். முதலில் மந்தையை நடத்திப் போகும் மாட்டைச் சுடுவார்கள். மற்றவை எங்கே ஓடுவது என்று தெரியாமல் அங்கேயே சுற்றி நிற்கும். அப்புறம் ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. பேரல் சூடேறினால் தண்ணீர் ஊற்றுவார்கள். இல்லையென்றால் இரண்டாவது ரைபிளை எடுத்துக்கொண்டு முதலாவதை ஆறவிடுவார்கள். நிதானம் என்றால் அதுதான் நிதானம். அந்த நிதானத்தால்தான் இவ்வளவு மாடு செத்தது.

டெக்சஸில் அடோபி வால்ஸ் என்ற இடத்தில் 1874 ஜூனில் நடந்த சண்டைக்கும் இதுதான் வேர். தங்கள் சாப்பாடும் உடையும் கூடாரமுமாக இருந்த மாடுகள் அழிவதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல் கொமான்ச்சி, செயென், கயோவா என்ற பூர்வகுடிகளின் வீரர்கள் தோல் வேட்டைக்காரர்களின் முகாமைத் தாக்கினார்கள். அங்கே பில்லி டிக்சன் என்பவர் ஷார்ப்ஸ் ரைபிளால் வெகு தூரத்தில் குதிரைமேல் இருந்த ஒருவரைச் சுட்டு வீழ்த்தினார். 1,538 கெஜம் என்று ஒரு கணக்கு சொல்வார்கள். எங்கள் ஷூட்டிங் கிளப்பில் காபி குடிக்கும்போதெல்லாம் அந்தத் தூரத்தைப் பற்றி வாக்குவாதம் நடக்கும். அந்த முகாம் அங்கே எதற்கு இருந்தது என்ற பேச்சு மட்டும் வராது.

ஆகவே அறிவுரை கேட்டால் இதுதான்: பெருமைக்கு ஒற்றைத் தோட்டா ரைபிள் வாங்காதீர்கள். அவசரக்காரன் இதையும் அவசரமாகத்தான் சுடுவான். எத்தனை மானைச் சுடலாம் என்ற எல்லையை வைப்பது சட்டமும் உரிமச் சீட்டும்தான், ரைபிள் இல்லை.

எங்கள் மலையகத்தில் அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் யானை வேட்டையாடியதும் இந்தத் துப்பாக்கியால்தானா?
– ஒரு வாசகர், நுவரெலியா

இதற்கும் முந்தையது. வாய்வழியாகக் கருமருந்தும் குண்டும் போட்டுக் கம்பியால் இடிக்கும் துப்பாக்கிகள். ஒரு குழலும் உண்டு, இரண்டு குழலும் உண்டு. ஒரு முறை சுட்டால் மறுபடி நிரப்ப நேரம் பிடிக்கும். யானை அதுவரை காத்திருக்காதே. அதனால் துப்பாக்கி தூக்கும் ஆட்கள் பின்னாலேயே வருவார்கள். துரை சுட்டுவிட்டுக் கையை நீட்டினால் நிரப்பிய அடுத்த துப்பாக்கி கையில் வந்து விழும். சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேய வேட்டைக்காரர் இலங்கையில் 21 பவுண்டு எடையுள்ள ஒரு ராட்சசத் துப்பாக்கியை வைத்திருந்தார். கிட்டத்தட்ட ஒன்பதரைக் கிலோ! அதையும் தோளில் சுமந்து மேடு ஏறிய ஆள் ஒருவர் இருந்திருப்பார்.

உங்கள் ஊரிலேயே மேஜர் ராஜர்ஸின் கல்லறை இருக்கிறது. 1,400 யானைகளுக்கு மேல் கொன்றார் என்று சொல்லப்படுபவர், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். மதுரை வாசகருக்குச் சொன்ன பதிலை இங்கே இன்னொரு முறை எழுத வேண்டியதில்லை.

முதல் குண்டு சரியாகப் படாமல் மிருகம் காயத்தோடு ஓடினால்? அப்போது என்ன செய்வீர்கள்?
– ஒரு வாசகர், சென்னை

நல்ல கேள்வி. இந்த ரைபிளுக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் நியாயமானது இது ஒன்றுதான்.

இங்கே ரைபிள் சீசன் ஒன்பது நாள். தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை ஆரம்பம். நவம்பர் கடைசி என்பதால் குளிர் எலும்பைக் குடையும். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் மேல்சட்டையும் குல்லாவும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த ஆரஞ்சோ, அதேபோல் பளீரென்ற இளஞ்சிவப்போ சட்டப்படி கட்டாயம். மற்ற வேட்டைக்காரன் நம்மை மான் என்று நினைத்துவிடக் கூடாது. கையுறை போட்ட விரலுக்குத் தோட்டா எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கோட்டுப் பையில் துழாவினால் கார்ச் சாவி வரும், மிட்டாய்க் காகிதம் வரும், தோட்டா வராது.

அதனால் இரண்டாவது தோட்டாவை இடது கையிலேயே வைத்துக்கொள்வது பழைய வழக்கம். மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில், குண்டு முனை உள்ளங்கையைப் பார்க்காமல் வெளியே நீட்டியபடி. மற்ற மூன்று விரல்கள் ரைபிளைத் தாங்கும். சுட்டதும் லீவரைத் தள்ளினால் காலி உறை பின்னால் தெறித்து விழும். இடது கையைக் கொண்டுவந்து திறந்த வாயில் தோட்டாவைத் தள்ளி லீவரை இழுத்துவிடலாம். கண்ணை மானை விட்டு எடுக்க வேண்டியதில்லை. வீட்டில் காலித் தோட்டா வைத்து டிவி பார்த்துக்கொண்டே பழகலாம். இடது கையுறையில் மட்டும் விரல் நுனிகளை வெட்டிவிடுங்கள். பழகிய கைக்கும் போல்ட் ரைபிளுக்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு வினாடிதான். ரைபிளின் பின்மரத்தில் எலாஸ்டிக் உறை மாட்டி அதில் ஐந்து தோட்டா சொருகி வைக்கிறார்களே, பார்க்க நன்றாக இருக்கும், அவசரத்துக்கு உதவாது.

இன்னொன்று. எங்கள் காட்டில் மான் நிற்பது பெரும்பாலும் மரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன வெட்டவெளியில். இதயம், நுரையீரல் பகுதியில் குண்டு சரியாகப் பட்டாலும் ஐம்பது, நூறு கெஜம் ஓடித்தான் விழும். வெடித்த மறுகணம் அது புதருக்குள் போயிருக்கும். ஐந்து தோட்டா வைத்திருப்பவர் அடுத்ததை எதைப் பார்த்துச் சுடுவார்? அசையும் இலையையா? சுட்டவர் யாராக இருந்தாலும் அதன்பின் செய்ய வேண்டியது ஒன்றே: நின்ற இடத்தை மனதில் குறித்துக்கொண்டு அரை மணி நேரம் காத்திருந்து, ரத்தத் தடம் பிடித்துப் போவது. உடனே துரத்தினால் படுக்க வேண்டிய மான் எழுந்து ஓடும்.

திருப்பித் தாக்கும் மிருகத்துக்கு இந்தப் பேச்சு பொருந்தாது. ஆப்பிரிக்காவில் ஃபிரெட்ரிக் செலூஸ் என்ற ஆங்கிலேய வேட்டைக்காரர் ஒற்றைத் தோட்டா ஃபார்கர்சன் ரைபிளால் பெரிய மிருகங்களை வேட்டையாடியிருக்கிறார்தான். ஆனாலும் எருமைக்கும் யானைக்கும் இரட்டைக்குழல் ரைபிளைப் பலர் விரும்பியதற்குக் காரணம், அடுத்த குண்டு அடுத்த விரல் அசைவில் கிடைக்கும் என்பதுதான். அங்கே என் ரைபிளைத் தூக்கிக்கொண்டு நான் போக மாட்டேன்.

உயிரைக் கொல்வது பாவமில்லையா?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

உங்களுக்குப் பாவம் என்று பட்டால் பாவம்தான். உங்களோடு வாதாடி மனதை மாற்றும் எண்ணம் எனக்கில்லை. நான் சுடுவது சாப்பிடுவதற்கு. அதையும் உடனே சாப்பிடுவதில்லை. இந்த மாநில மான்களில் 2002இல் கிரானிக் வேஸ்டிங் டிசீஸ் என்ற மூளை நோயைக் கண்டுபிடித்தார்கள். மாநில இயற்கை வளத் துறை இலவசமாகச் சோதித்துச் சொல்கிறது. முடிவு வரும்வரை கறி ஃப்ரீசரை விட்டு வெளியே வராது.

தாத்தா வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி எங்கள் எஸ்டேட் வீட்டில் உரிமத்தோடு இருக்கிறது. நீங்கள் சொல்வதும் அதுவும் ஒன்றா?
– ஒரு வாசகர், குன்னூர்

இல்லை. உங்களுடையது பெரும்பாலும் 12 போர் ஷாட்கன். அதன் குழலின் உட்புறம் வழவழப்பாக இருக்கும், ரவை என்னும் சின்னச் சின்னக் குண்டுகள் தெறிக்கும், நாற்பது கெஜத்துக்கு மேல் பிரயோஜனமில்லை. ரைபிளின் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருக்கும். ஒற்றைக் குண்டு சுழன்றுகொண்டே போகும். குழலைக் காலியாக்கி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் இப்போது பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. உங்கள் நீலகிரிக்கு இது புதுசும் இல்லை. கண்டபடி சுட்டு மிருகங்கள் குறைந்ததால் 1879லேயே நீலகிரிக்கென்று தனியாக வேட்டைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட வேண்டிவந்தது. போட்டவர்கள் வேட்டையாடிய வெள்ளைக்காரர்களேதான்.

பக்கத்து வீட்டு ஜெர்மன் தாத்தாவின் ரைபிள் இரண்டாகக் கழன்று முதுகுப் பைக்குள் போய்விடுகிறது. அதிலும் ஒரு தோட்டாதான். அது என்ன வகை?
– ஒரு வாசகி, மியூனிக்

கிப்லாஃப். மடித்துத் திறக்கும் வகையில் மிகவும் நாகரிகமானது. ஆல்ப்ஸ் மலையில் ஷமாய் என்ற மலை ஆட்டை வேட்டையாடுவதற்காகவே வளர்ந்தது. அங்கே ஒரு தோட்டா ஏன் என்று யாரும் தத்துவம் பேசுவதில்லை. மணிக்கணக்கில் செங்குத்தாக ஏற வேண்டும். ஒவ்வொரு கால் கிலோவும் முழங்காலில் தெரியும். இந்த ரைபிள் இரண்டரைக் கிலோ சுற்றி. பாறையில் இரண்டு கையும் ஊன்றி ஏறும்போது பைக்குள் கிடக்கும். அந்தத் தாத்தாவிடம் இருப்பது பிளேசர் கே95 என்றால், பின்பக்கம் கட்டைவிரல் வைக்கும் இடத்தில் ஒரு சறுக்குப் பொத்தான் இருக்கும். அதைத் தள்ளினால்தான் உள்ளே ஸ்பிரிங் விறைக்கும். தோட்டா உள்ளே இருந்தாலும் அதுவரை ரைபிள் தூங்கும். வழுக்கி விழுந்தாலும் பயமில்லை. நான் பார்த்த பாதுகாப்பு ஏற்பாடுகளில் இதுதான் உசத்தி, என் ரூகரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். சுட்டு விழுந்த மிருகத்தின் வாயில் ஒரு பச்சைக் கிளையை வைப்பார்கள். கடைசிக் கவளம் என்று அதற்குப் பெயர். அந்த வழக்கத்தைப் பற்றி அவரே சொல்லிக் கேட்பது நான் எழுதுவதைவிட நன்றாக இருக்கும்.

நியூ ஜெர்சியில் ஐடி வேலை. உங்கள் கட்டுரை படித்து ஆசை வந்துவிட்டது. மான் வேட்டைக்கு ரூகர் நம்பர் 1 வாங்கலாமா?
– ஒரு வாசகர், எடிசன்

வாங்காதீர்கள் தம்பி. உங்கள் மாநிலத்தில் மானைத் தோட்டா ரைபிளால் சுடவே கூடாது. வீடுகள் நெருக்கம், ரைபிள் குண்டு வெகு தூரம் போகும். ஷாட்கன், வில், அப்புறம் வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கி, இவைதான் அனுமதி. அந்த மூன்றாவதை வாங்கினால், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் நீங்கள் ஒற்றைக் குண்டு வேட்டைக்காரர்தான். நிரப்பும் கம்பியைக் குழலுக்குள்ளேயே மறந்துவிட்டுச் சுடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன்னால் உங்கள் விசாவைப் பாருங்கள். கிரீன் கார்டு இல்லாமல் வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கவும் வைத்திருக்கவும் மத்திய சட்டத்தில் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. அந்த உரிமத்துக்கு முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். நியூ ஜெர்சியில் துப்பாக்கி வாங்குவதற்கென்று போலீஸ் கொடுக்கும் அடையாள அட்டையும் வேண்டும். எனவே வரிசை இது: வகுப்பு, உரிமம், அட்டை, கடைசியில் கடை. வகுப்புக்கு இப்போதே பெயர் கொடுங்கள். இலையுதிர் காலம் நெருங்கினால் இடம் கிடைக்காது.